தேங்கிய நீரில் நெல் மட்டும் அழுகாமல் நிற்பது ஏன்?

மன்னார்குடிப் பக்கத்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர், சம்பா வயலில் வாரக்கணக்கில் நீர் நின்றாலும் நெல் செழிக்க, உளுந்து மட்டும் சில நாள்களிலேயே வாடுவது ஏன் என்று கேட்டிருக்கிறார். வரப்பில் நின்று பார்த்ததால் எழுந்த இக்கேள்வியை, பாடத்தில் இல்லை என்று எந்த ஆசிரியரும் ஒதுக்கிவிடக் கூடாது.

வேரும் சுவாசிக்கிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். சேற்றில் எஞ்சியிருப்பதையும் நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுவதால் உளுந்தின் வேர் மூச்சுத் திணறுகிறது. நெல்லிலோ, வேரின் புறணிச் செல்கள் சில தாமாகவே இறந்து, ஏரங்கைமா எனப்படும் காற்றறைத் திசுவாக மாறுகின்றன. நீருக்கு மேலுள்ள இலைகளில் நுழையும் ஆக்சிஜன், தண்டின் வழியே புல்லாங்குழலுக்குள் செல்லும் காற்றைப்போல வேர்நுனிவரை இறங்குகிறது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்போடு வினைபுரிவதால்தான், பிடுங்கிய நாற்றின் வேரில் துருநிறப் படலம் காணப்படுகிறது. வேரைக் குறுக்காக வெட்டிக் கைலென்சால் பார்த்தால் காற்றறைகளும் தெரியும். மாணவர்களே செய்து பார்க்கலாம்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைகளும் மூழ்கிவிட்டால் இந்தக் காற்றுவழி பயன்படாது. சி.ஆர். 1009 சப் 1 போன்ற இரகங்களோ, மூழ்கியிருக்கும்போது வளர்ச்சியை அடக்கிச் சேமித்த மாவுச்சத்தைக் காத்து, இரண்டு வாரம்வரை தாங்கிப் பின் துளிர்க்கின்றன.