குட்டைத் தண்ணீரைக் குடிப்பது வெயிலா, மண்ணா?

கேள்வி: 20 மீட்டருக்கு 20 மீட்டரில் பண்ணைக்குட்டை வெட்டினோம். ஐப்பசியில் நிறைந்தது, தையில் பாதி காணோம். தார்ப்பாய் விரிக்கச் சொல்கிறார்கள். விரிக்கலாமா?
- வாசகி, காங்கேயம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மணி, முதலில் அளந்து பாருங்கள். உங்கள் குட்டையில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 400 லிட்டர் போனதாகக் கணக்கு.

ஒரு பிளாஸ்டிக் டிரம்மை, விளிம்பு மட்டும் வெளியே தெரிய குட்டைக்குள் நிறுத்துங்கள். கல் போட்டால் மிதக்காது. குட்டை மட்டத்துக்கே டிரம்மிலும் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் அளவு குறியுங்கள். மழை பெய்யாத, மோட்டார் ஓடாத ஒரு முழு நாள் போதும். டிரம்மில் இறங்கியது வெயிலும் காற்றும் எடுத்தது. குட்டையில் அதற்கு மேல் இறங்கியது மண்ணுக்குள் போனது.

பல்லடம் பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்துக் குட்டையில் மாசி மாதம் இப்படி அளந்தேன். குட்டையில் 11 மில்லிமீட்டர், டிரம்மில் 5. மீதி 6 கசிவு. செம்மண், சரளை என்றால் அப்படித்தான் உறிஞ்சும். கரிசல் வேறு மாதிரி: வெடிப்பில் முதலில் மளமளவென்று இறங்கும், அப்புறம் மண் உப்பி வெடிப்பு மூடியதும் அடங்கிவிடும்.

கசிவு அதிகமென்றால் உங்கள் கிணற்று மட்டத்தையும் வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். அது ஏறினால் தார்ப்பாய் வேண்டாம், தண்ணீர் உங்கள் கிணற்றுக்குத்தான் போகிறது. டிரம்மிலேயே அதிகம் இறங்கினால் தார்ப்பாய் உதவாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் மேற்குக் கரையில் வரிசையாக மரம் வையுங்கள்.