கல் உருட்டி மணி செய்வது: எங்கே தொடங்கலாம்?

கூழாங்கற்களை மெஷினில் உருட்டி மாலைக்கு மணி செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அகேட், ஜாஸ்பர் போல மோஸ் அளவில் (கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) ஏறக்குறைய 7 வரும் கற்களோடு தொடங்குங்கள். மென்மையான கல்லை அவற்றோடு சேர்த்துப் போட்டால் அது தேய்ந்தே போய்விடும். மெஷினின் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு கல், கற்களை ஏறக்குறைய மூடுகிற அளவு தண்ணீர், கல்லைத் தேய்க்கும் சிலிக்கன் கார்பைடு பொடி போடுங்கள். பொடியின் எண் கூடக் கூட அது நைசாக இருக்கும்: முதலில் 60/90, அப்புறம் 120/220, 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு பாலிஷ். ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒரு வாரம். பொடி மாற்றும்போதெல்லாம் கல்லையும் உருளையையும் நன்றாகக் கழுவுங்கள். கொஞ்சம் கரட்டுப் பொடி ஒட்டியிருந்தாலே பாலிஷில் கீறல் விழும். அந்தச் சேற்றுத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றவே கூடாது, குழாய்க்குள் இறுகிவிடும்.

துளையிட பேட்டரி டிரில்லும் மெல்லிய வைர பிட்டும் (வைரத்தூள் பூசிய துளையிடும் முனை) போதும். கல் தண்ணீரில் மூழ்கியே இருக்கட்டும். காய்ந்த கல்லிலிருந்து பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். பாதிவரை துளைத்து, திருப்பி மறுபக்கமிருந்து துளையுங்கள், விளிம்பில் சில்லு பெயராது.