வங்கிக் கணக்கை ஹேக் செய்தால் அது சைபர் பயங்கரவாதமா?

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கணக்கில் புகுந்து பணத்தைச் சுருட்டியவனைச் சைபர் பயங்கரவாதி எனலாமா?

கோபம் நியாயம்தான். ஆனால் சட்டப்படி அவன் திருடன். தென்னாப்பிரிக்காவில் அது 2020-ஆம் ஆண்டின் சைபர் குற்றங்கள் சட்டத்துக்குள் வரும்.

பயங்கரவாதத்துக்கு 2004-இல் எழுதப்பட்ட சட்டம் மூன்று முடிச்சுப் போட்டது. தொலைத்தொடர்பு, வங்கி, அவசர மருத்துவம் போன்ற சேவைகளைக் கடுமையாக முடக்கும் செயல் ஒன்று. மக்களை மிரட்டும் அல்லது அரசைப் பணியவைக்கும் எண்ணம் இரண்டாவது. அதற்குப் பின்னால் அரசியலோ மதமோ கொள்கையோ இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. கணினி வழியாகச் செய்தாலும் அந்தச் சட்டத்தின் கணக்கு இதுதான்.

2021 ஜூலையில் டர்பன் துறைமுகம் பட்ட பாடு நினைவிருக்கும். கலவரம் ஓய்ந்த கையோடு துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டு, கொள்கலன் முனையங்கள் நாள்கணக்கில் தடுமாறின. எங்கள் தெருவில் எல்லோரும் "பயங்கரவாதம்" என்றே பேசினார்கள். பாதிப்பு பெரிதுதான்; ஆனால் கணினியைப் பூட்டி வைத்து வெறும் பணம் பறிக்கும் ரான்சம்வேருக்கு அந்தச் சட்டத்தின் மூன்றாவது முடிச்சு விழாது.

வேலைநிறுத்தம், எதிர்ப்புப் போராட்டம் இவற்றால் சேவை தடைபட்டால், உயிருக்கோ உடலுக்கோ சொத்துக்கோ தீங்கு செய்யும் எண்ணம் இல்லாதவரை அதே 2004 சட்டம் விலக்கும் தந்தது. அரசின் இணையதளத்தை முடக்கிப் போராடுகிறவர் இதைக் காட்டித் தப்பலாமா? என் பார்வையில், எந்தத் தளம் என்பதைப் பொறுத்தது. ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் என்றால் முடியாது.