டிவி பார்த்தும் இணையம் வழியாகவும் வெல்ஷ் மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமா?

வகுப்புக்குப் போக நேரமில்லை, டிவியும் இணையமும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காதுக்குப் போதும், வாய்க்குப் போதாது. நான் இரண்டையும் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பிரிட்டனில், வேல்ஸின் வடமேற்கில், கார்னார்வன் என்ற ஊரில். வெல்ஷ் இங்கே அருங்காட்சியக மொழி கிடையாது. கடையில், பஸ்ஸில், பள்ளி வாசலில் முதலில் காதில் விழுவது அதுதான். மகளைச் சேர்த்த பள்ளியிலும் பாடமொழி வெல்ஷ். ஆறு மாதத்தில் அவள் பொம்மையோடு வெல்ஷில் பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன பேசுகிறாள் என்று தெரியாமல் நான் பக்கத்தில் முழித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் தொடங்கியது.

வெல்ஷுக்கென்று எஸ்4சி என்று தனி சேனலே இருக்கிறது. அது சும்மா வந்துவிடவில்லை. வெல்ஷ் சேனல் தருவதாகத் தேர்தலில் கொடுத்த வாக்குறுதியை அரசு காற்றில் விட்டபோது, வேல்ஸின் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் தலைவர் குவின்வர் எவான்ஸ் சாகும் வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக 1980இல் அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பர் 1 அன்று சேனல் தொடங்கியது. நிகழ்ச்சிகளை இணையத்தில் எஸ்4சி கிளிக், பிபிசி ஐபிளேயர் என்ற இரண்டு தளங்களிலும் பார்க்கலாம். ஆனால் ஐபிளேயர் பிரிட்டனுக்கு வெளியே ஓடாது. ஊரில் இருந்தபடி கற்பவர்கள் எஸ்4சியின் யூடியூப் துண்டுகளிலிருந்து தொடங்குங்கள்.

நான் செய்த முதல் தப்பு, எடுத்த எடுப்பில் 'அ குவில்' என்ற துப்பறியும் தொடரில் குதித்தது. அபெரிஸ்ட்வித் பக்கம் எடுத்தது. ஒவ்வொரு காட்சியையும் வெல்ஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என இரண்டு முறை படம்பிடித்தார்களாம். அருமையான தொடர். ஆங்கில சப்டைட்டிலோடு முழுசாகப் பார்த்து முடித்தேன், கொலைகாரன் யார் என்று தெரிந்தது, வெல்ஷ் ஒரு சொல் தெரியவில்லை. கீழே ஆங்கிலம் ஓடினால் கண் அங்கே போய்விடுகிறது, காது கதவைச் சாத்திக்கொள்கிறது. வெல்ஷிலேயே சப்டைட்டில் வைத்துக்கொள்ளக் கூடிய நிகழ்ச்சிகள் இருக்கின்றன, அவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் வழிக்கு வந்தது மகளின் புண்ணியத்தில். 'கியூ' என்று சின்னக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள். பெயருக்குக் கோழிக்குஞ்சு என்று அர்த்தம். ஒரே வாக்கியத்தைப் பத்து தடவை சொல்வார்கள், சொல்லும்போது அந்தப் பொருளையும் காட்டுவார்கள். நமக்கு வேண்டியது அதுதான். ஃபயர்மேன் சாம் என்ற கார்ட்டூன் தீயணைப்பு வீரர் இங்கே 'சாம் தான்'. தமிழ்க் காதுக்கு 'வேறு யாரும் இல்லை, சாமேதான்' என்று கேட்கும். வெல்ஷில் 'தான்' என்றால் தீ. இந்த ஜென்மத்துக்கும் எனக்கு அந்தச் சொல் மறக்காது.

அடுத்தது சீரியல். இங்கேதான் இரண்டாவது தப்பு. 1974 முதல் ஓடுகிற 'பொபொல் அ கும்' தென்வேல்ஸ் கதை. அதைப் பார்த்துப் பாலுக்கு 'ஹ்லாய்த்' என்று கற்றுக்கொண்டு, எங்கள் தெருக்கடையில் கெத்தாகக் கேட்டேன். கடைக்காரம்மா சிரித்துவிட்டார். வடக்கே அது 'ஹ்லெவ்ரித்'. பாட்டி தெற்கே 'மாம்கி', வடக்கே 'நைன்'. 'இப்போது' என்பதற்கும் இரண்டு சொல். ஆகவே எந்தப் பக்கத்து வெல்ஷ் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு வடக்கே மெனாய் பிரிட்ஜ் என்ற ஊரில் எடுக்கப்படும் 'ரௌண்ட் ஆ ரௌண்ட்' சீரியல் சரியாக இருந்தது, அது எங்கள் பக்கத்துப் பேச்சு. சொன்ன சொற்களில் வரும் 'ஹ்ல' ஒலியைத் தமிழில் எழுத முடியாது. 'ல்' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊதிப் பாருங்கள்.

தமிழ் தெரிந்தவருக்குச் சில இடங்களில் வழி சுலபம். நீ, நீங்கள் மாதிரி 'டி', 'கி' உண்டு. எழுத்து மொழி ஒன்று, பேச்சு ஒன்று என்பதும் நமக்குப் பழகியதுதான். எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற ஒரு 'யெஸ்' வெல்ஷில் கிடையாது. பால் இருக்கிறதா என்று கேட்டால் 'ஓய்ஸ்', அதாவது 'இருக்கிறது' என்பதுதான் பதில். ஆங்கிலேயர்கள் இதில் திணறுவார்கள். நாமோ 'இருக்கா? இருக்கு' என்றே பேசி வளர்ந்தவர்கள்.

திணறவைத்தது சொல்லின் முதல் எழுத்து மாறுவது. பக்கத்து ஊர் பேங்கரை வெல்ஷில் 'பாங்கோர்' என்பார்கள். பஸ்ஸில் 'இ வாங்கோர்' என்று கேட்டபோது, வாங்கோர் என்று இன்னொரு ஊர் இருக்கிறது என்றே நினைத்தேன். பாங்கோருக்கு என்றால் 'இ வாங்கோர்', பாங்கோரில் என்றால் 'அம் மாங்கோர்'. நம் 'பற்பொடி'யில் பல்லின் கடைசி எழுத்துதான் மாறும், அகராதியில் 'ப'வில் தேடினால் அகப்பட்டுவிடும். இங்கே தலையே மாறிவிடுவதால், காதில் விழுந்த சொல்லை அகராதியில் எந்த எழுத்தில் தேடுவது என்றே தெரியாது. இதை டிவி சொல்லித்தராது. தேசிய வெல்ஷ் கற்றல் மையத்தின் இணையப் பாடங்களில்தான் எனக்குப் பிடிபட்டது. அதில் வடக்கு, தெற்கு என்று தனித்தனிப் புத்தகங்கள் இருப்பது பெரிய வசதி.

மொழி கற்றுத்தரும் செயலியான டுவோலிங்கோவில் வெல்ஷ் 2016இலிருந்து இருக்கிறது. சொல் சேர்க்க உதவும், ஆனால் அதன் பயிற்சி வாக்கியங்களில் வரும் ஓவன் என்ற ஆளும் அவருடைய பார்ஸ்னிப் கிழங்குகளும் மண்டையில் குடியேறிவிடுவார்கள், பரவாயில்லையா? வாய் திறக்க வைத்தது 'சே சம்திங் இன் வெல்ஷ்' என்ற ஒலிப்பாடம். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி, யோசிக்க விடாமல் வெல்ஷில் சொல்லச் சொல்வார்கள். நடக்கும்போது கேட்டுக்கொண்டே போவேன், எதிரில் வருபவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆளிடம் பேசித்தான் ஆகவேண்டும். சட்டையில் ஆரஞ்சு நிற பேட்ஜ் குத்தியிருந்தால் வெல்ஷ் பேசுவார் என்று அர்த்தம், அவரிடம் தொடங்குங்கள். நம் உச்சரிப்பைக் கேட்டு உதவுவதாக நினைத்து ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். 'டு இன் டஸ்கி' என்று சொன்னால், கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், நிதானமாக வெல்ஷுக்கே திரும்பிவிடுவார்கள்.

இன்றைக்கே தொடங்குவதென்றால் வானிலை அறிக்கை பாருங்கள். சின்ன நிகழ்ச்சி, தினமும் அதே சொற்கள், வரைபடமும் கூடவே. எனக்குச் செய்தி இன்னும் பாதிதான் புரிகிறது. வானிலை முழுக்கப் புரிகிறது, எப்படியும் மழைதான்.