வாசகர் கேள்விகள்: உதவி வாங்கினால் சாப்பாடு கெடுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஸ்நாப் (முன்பு ஃபுட் ஸ்டாம்ப்) என்ற, உணவு வாங்க அரசு தரும் உதவியை வாங்கும் ஏழைகள், வாங்காத ஏழைகளைவிட மோசமாகச் சாப்பிடுகிறார்களாமே? அப்படியானால் உதவிதான் காரணமா?

பதில்: அந்த ஒப்பீட்டிலேயே ஓட்டை இருக்கிறது. விண்ணப்பம் போடுபவர் பெரும்பாலும் வேலை போனவர், உடம்புக்கு முடியாதவர், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர். அதே வருமானம் உள்ள இன்னொருவருக்குச் சேமிப்போ சொந்தக்காரர் துணையோ இருக்கலாம்; அதனால்தான் அவர் விண்ணப்பிக்கவே இல்லை. இருவரையும் ஒரே தட்டில் வைத்தால் உதவியின் விளைவு தெரியாது, கஷ்டத்தின் அளவுதான் தெரியும். போதாததற்கு, உதவி வாங்குபவர்களே சர்வேயில் ‘இல்லை’ என்று சொல்வதும் உண்டு. அவர்கள் வாங்காதவர் கணக்கில் ஏறிவிடுகிறார்கள். ஒரே ஆளை உதவிக்கு முன்னும் பின்னும் பார்ப்பது இதைவிட நம்பகமானது. ஆனால் வேலை போன சமயத்தில்தான் விண்ணப்பமே போடுவார்கள் என்பதால் அதிலும் எச்சரிக்கை வேண்டும்.

கேள்வி: உணவின் தரத்துக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்?

பதில்: முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டு, 100 மதிப்பெண் கொண்ட ‘ஆரோக்கிய உணவுக் குறியீட்டில்’ கணக்கிடுவார்கள். இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. பெரும்பாலான பிரிவுகளில் அளவுக்கு மார்க் இல்லை, 1,000 கலோரிக்கு எவ்வளவு என்பதற்குத்தான். பழத்துக்கு 1,000 கலோரிக்கு 0.8 கப் இருந்தால் முழு 5. நாள் முழுக்க 1,000 கலோரியே சாப்பிட்டு 0.8 கப் பழம் தின்றவருக்கு 5 கிடைக்கும். 2,000 கலோரியும் 1.2 கப் பழமும் சாப்பிட்டவருக்கு 3.75தான். அரைவயிற்றுக்காரர் ஜெயித்துவிடுகிறார்! ஆகவே இந்த மார்க்கைத் தனியாகப் படிக்காதீர்கள். மொத்தக் கலோரி, வேளை தவறியதா என்ற கேள்விகளையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்நாப் பணம் அதற்கான அட்டையில் வந்தும் மாதக் கடைசியில் ஏன் தட்டுப்பாடு?

பதில்: அதிகபட்சத் தொகையிலிருந்து நிகர வருமானத்தின் 30 சதவீதத்தைக் கழித்துத்தான் தருகிறார்கள். 2025 நிதியாண்டில் பெரும்பாலான மாநிலங்களில் நான்கு பேர் குடும்பத்துக்கு உச்சம் மாதம் 975 டாலர். நிகர வருமானம் 1,000 என்றால் கிடைப்பது 675. மீதி 300ஐக் கைக்காசிலிருந்து போட வேண்டும்; வாடகையும் கரண்ட் பில்லும் அதை முதலில் விழுங்கிவிடும். பணமோ மாதம் ஒரே தவணையில் வருகிறது. அடுப்பு இல்லாதவர் பாடு இன்னும் சிரமம்: கடையில் சூடாக விற்கும் கோழிக்கு அட்டை பொதுவாகச் செல்லாது, ஆறிய பொட்டலத்துக்குச் செல்லும்.

கேள்வி: பழம், காய்கறி அதிகமாக வாங்க வைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12இல் ஸ்நாப் வாங்கும் 7,500 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட பழம், காய்கறிக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட்டை அட்டையிலேயே திருப்பிப் போட்டார்கள். மாதம் 60 டாலர் வரை. அந்தக் குடும்பங்களின் பெரியவர்கள், இந்தச் சலுகை கிடைக்காத ஸ்நாப் குடும்பத்தாரைவிட அவற்றை நாளுக்குக் கால் கப் அளவு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். குலுக்கல் என்பதால் முதல் கேள்வியில் சொன்ன ஓட்டை இங்கே கிடையாது.