வெயிலில் தக்காளிப் பூ கொட்டுகிறதா?

கேள்வி: மாடியில் தொட்டிகளில் தக்காளி, மிளகாய், வெண்டை வைத்திருக்கிறேன். வெயில் ஏறியதிலிருந்து தக்காளிப் பூவெல்லாம் உதிர்கிறது. மதியம் செடிகள் துவண்டுவிடுகின்றன. தினமும் மூன்று முறை தண்ணீர் ஊற்றுகிறேன், உரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். பூ உதிர்வதற்குச் சத்துக்குறை காரணமாகத் தெரியவில்லை. பகலில் 35 டிகிரியை ஒட்டிய வெப்பம், இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத புழுக்கம், இந்த இரண்டும் சேர்ந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். காய் பிடிக்க வழியில்லாத பூவைச் செடி தானே கழற்றி விடுகிறது. இந்த நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) கொட்டினால் இலைதான் பெருகும். இலை பெருகினால் தாகமும் பெருகும். காய்ந்த தொட்டியில் உர உப்பு தேங்கினால் இலை ஓரம் கருகுவதும் உண்டு.

அடுத்தது துவளல். நடுப்பகலில் இலை இழக்கும் நீரை வேர் அதே வேகத்தில் ஈடுகட்ட முடியாது. அதனால் மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் பிரச்சினை. அப்போதும் உடனே வாளியைத் தூக்காதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கியிருக்கலாம். மாடித் தோட்டங்களில் செடிகள் தாகத்தால் சாவதைவிடப் பாசத்தால் சாவதுதான் அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு!

மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதை விட்டுவிட்டு, விடிகாலையில் ஒரே முறை, அடித்துளை வழியே நீர் வடியும்வரை நிதானமாக விடுங்கள். மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே நிற்கும், வெயிலில் முதலில் அதுதான் வேகும். சிறிய தொட்டி என்றால் சாயங்காலம் இன்னொரு முறை தேவைப்படலாம், விரலே சொல்லிவிடும். குழாயில் கிடந்து சூடான தண்ணீரை முதலில் வெளியேற்றிவிட்டு அப்புறம் செடிக்குக் காட்டுங்கள்.

இலையைவிட வேர்தான் குளுமை கேட்கிறது. வெயில் படும் கறுப்புத் தொட்டியின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கையே சுடும். உள்ளே வேர் அதை ஒட்டித்தானே இருக்கிறது? தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழச் செய்யுங்கள், வெளிச்சுவரைச் சாக்கால் சுற்றுங்கள், தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல்மேல் ஏற்றுங்கள். மண்மேல் காய்ந்த இலை, வைக்கோல், எது கிடைத்தாலும் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல். நிழல்வலை கட்டுவதானால் வெயிலில் 35 முதல் 50 சதவீதத்தைத் தடுக்கும் வலை போதும். அதற்கு மேல் போனால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளரும்.

இவ்வளவு செய்தும் தக்காளி உடனே காய்க்கும் என்று சொல்லமாட்டேன். இரவு குளிரும்வரை செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும், புதுப் பூவில் காய் நிற்கும். ஏற்கெனவே பிடித்த காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்தால், அது பெரும்பாலும் ஒருநாள் வறட்சி, ஒருநாள் வெள்ளம் என்று மாறி மாறி ஊற்றியதன் விளைவு. மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் அது காய்க்குப் போய்ச் சேரவில்லை. மிளகாய்க்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

உங்கள் வெண்டைக்கு இந்த வெயில் பிடிக்கும். ஆனால் வறண்ட காற்றில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும். இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளி தெரிந்தால் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நூலாம்படை இருந்தால் சில நாட்கள் தொடர்ந்து காலையில் தண்ணீரை அங்கே வேகமாகப் பீய்ச்சுங்கள். காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்துவிடுங்கள், விட்டால் நாராகிவிடும்.