கார் டிராஃபிக்ல ஹீட் ஆகுது, கூலன்ட் (இன்ஜின ஆத்தற தண்ணி) குறையுது, ஆனா தரையில ஒரு சொட்டு கூட இல்ல. மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போச்சு, 40 ஆயிரம் ஆகுங்கறார். வண்டி 2011 மாடல், வித்துடலாமா?

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் கிடையாது, 26 வருஷமா அக்கவுன்ட்ஸ் பாக்கறவன். ஆனா ஹெட் கேஸ்கெட்ங்கற வார்த்தைய (இன்ஜினோட மேல்பாகம்தான் ஹெட், அதுக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல்தான் கேஸ்கெட்) பாத்ததும் கை சும்மா இருக்க மாட்டேங்குது, ஏன்னா அதே வார்த்தைய சொல்லித்தான் என்கிட்ட 38 ஆயிரம் கேட்டாங்க, கடைசில ஆனது 9,400. உங்களுக்கு 40 ஆயிரம் சொல்லியிருக்காங்க, வண்டி 2011 மாடல்னு போட்டிருக்கீங்க. வண்டி அனேகமா அப்பா வாங்கினதா இருக்கும், வீட்ல எல்லாரும் வித்துடு வித்துடுன்னு சொல்லிட்டு இருப்பாங்க. இப்போதைக்கு விக்காதீங்க. ஹீட் ஆகற வண்டின்னு தெரிஞ்சா வாங்கறவன் இரும்பு விலைக்குத்தான் கேப்பான், சொல்லாம வித்தா அது நமக்கு நல்லதில்ல.

என் வண்டி 2009 மாடல் சின்ன ஹேட்ச்பேக். கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், சொன்னா கமெண்ட்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்குவீங்க, அதுவும் இல்லாம 14 வருஷம் ஓடின வண்டில ரப்பர் போறதுக்கு கம்பெனி என்ன பண்ணும்.

2023 மே, கத்திரி வெயில். கோடம்பாக்கத்துல இருந்து பூந்தமல்லிக்கு மச்சினி பொண்ணோட நிச்சயதார்த்தத்துக்கு கெளம்பினோம், ஆற்காடு ரோடு வழியா. அப்ப அந்த ரோடு எப்படி இருந்துச்சுன்னு அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், மெட்ரோ வேலைக்கு நடுவுல தகரம் அடிச்சு ரெண்டு பக்கமும் ஒரு வண்டி போற அளவுக்குத்தான் வழி. வடபழனி தாண்டறதுக்கே முக்கா மணி நேரம். பின் சீட்ல சீர் தட்டு, என் அம்மா, என் பொண்ணு. முன்னாடி பட்டுப்புடவையில என் வீட்டுக்காரம்மா. ஏசி சூடு காத்து விட ஆரம்பிச்சுது. இது ஏப்ரல்ல இருந்தே இருக்கற கதை, நின்னா சூடு காத்து, நகர்ந்தா சில்லுனு காத்து. ஏசி கடைக்குப் போய் கேஸ் கம்மின்னு 2,200 ரூபா கொடுத்து ஃபில் பண்ணிட்டு வந்தேன், ரெண்டு வாரத்துல மறுபடி அதே. அப்புறம்தான் தெரிஞ்சுது, நிறைய வண்டில இன்ஜின் சூடு ஒரு அளவ தாண்டினா கம்ப்யூட்டரே ஏசி கம்ப்ரஸர கட் பண்ணிடும். அதாவது எனக்கு ஒரு மாசம் முன்னாடியே வண்டி சொல்லிடுச்சு, நான்தான் அதை கேஸ் பிரச்சனைன்னு நெனச்சு காசு கட்டினேன்.

வளசரவாக்கம் பக்கத்துல வீட்ல சொன்னாங்க, "என்னங்க, வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி வாசனை வருது." நான் ரொம்ப புத்திசாலி மாதிரி, "பின்னாடி தட்டுல அதிரசம் இருக்குல்ல, அதான்"னு சொன்னேன். அம்மாவும் ஆமாம்னாங்க. கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்கால் இனிப்பு வாசனை வரும்னு அந்த வண்டில இருந்த நாலு பேருக்கும் தெரியாது. அஞ்சு நிமிஷத்துல டெம்பரேச்சர் முள் மேல போய் சிவப்ப தொட்டுச்சு, பானெட் இடுக்குல இருந்து புகை. புகை இல்ல, ஆவி.

ஓரம் கட்டி பானெட்ட தூக்கி, கைல துண்டு சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடிய திருகப் போனேன். பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர் ஓடி வந்து கைய தட்டி விட்டார். "மூடிய தொடாத சார், மூஞ்சி வெந்துடும்." அந்த மனுஷன் பேர் கூட கேக்கல. அந்த மூடில 0.9 இல்லன்னா 1.1னு ஒரு நம்பர் போட்டிருக்கும், அது பிரஷர். அந்த அழுத்தம் இருக்கறதாலதான் உள்ள தண்ணி 100 டிகிரில கொதிக்காம 120 பக்கம் வரைக்கும் தாக்குப் பிடிக்குது, மூடிய தெறந்தா அழுத்தம் போய் மொத்தமும் ஒரே நொடில கொதிச்சு மேல பீச்சும். எனக்கு முகத்துல தழும்பு இல்லன்னா அந்த ஆட்டோக்காரர் தயவு. அவரே இன்னொண்ணும் கேட்டார், "தட்டுல மஞ்சத்தூள் இருக்குதா, உள்ள போட்டா லீக் அடைச்சுக்கும்." விரலி மஞ்சள்தான் இருந்துச்சு. நல்லதா போச்சு, ஏன்னா மஞ்சத்தூள் லீக்க மட்டும் அடைக்காது, ரேடியேட்டர்ல இருக்கற மெல்லிசு குழாயையும் சேத்து அடைக்கும்.

அவர் ஆட்டோலயே தட்டு, அம்மா, பொண்ணு, பட்டுப்புடவை எல்லாம் ஏறி போயிட்டாங்க. நான் வெயில்ல ஒண்ணே கால் மணி நேரம் நின்னேன். நிச்சயதார்த்த போட்டோ எதுலயும் நான் கிடையாது.

உங்களுக்கு இது நடந்தா, முள் ஏற ஆரம்பிச்சதுமே ஏசிய ஆஃப் பண்ணி ஹீட்டர ஃபுல்லா வெச்சு ப்ளோவர ஃபுல்லா விடுங்க. சென்னைல மே மாசத்துல ஹீட்டர் போடுன்னு சொன்னா அடிக்க வருவீங்க, ஆனா அந்த ஹீட்டர் குட்டி ரேடியேட்டர் மாதிரிதான், இன்ஜின் சூட்ட கேபின்குள்ள கொண்டு வந்து கொட்டும், ஓரம் கட்டற வரைக்கும் தாங்கும். அப்புறம் ஆஃப் பண்ணிட்டு நல்லா ஆற விடுங்க, சூடா இருக்கற இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, ஹெட்ல விரிசல் விழுந்துடலாம். முள் திடீர்னு கீழ இறங்கினா சரியாயிடுச்சுன்னு கெளம்பிடாதீங்க, தண்ணி மொத்தமும் போயிட்டா சென்சார் வெறும் காத்துல நிக்கும், அது தப்பாத்தான் காட்டும்.

அடுத்த நாள் தெரு முனை மெக்கானிக். நல்ல மனுஷன், பஞ்சர்ல இருந்து கிளட்ச் வரைக்கும் பாப்பார். தெர்மோஸ்டாட்ட கழட்டி கைல கொடுத்தார், ரேடியேட்டர் ஃபேன் வயர டைரக்ட் பண்ணிட்டார். "சாவி போட்டா ஃபேன் ஓடும், இனிமே ஹீட்டே ஆகாது சார்", 700 ரூபா. எனக்கு ரொம்ப சந்தோஷம், முள் அடியிலயே படுத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மாசத்துல மைலேஜ் 15ல இருந்து 11க்கு வந்துடுச்சு. தெர்மோஸ்டாட்ங்கறது கிட்டத்தட்ட 85 டிகிரி வர்ற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம புடிச்சு வெக்கற ஒரு வால்வு, அது இல்லன்னா இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் இன்னும் காலைல ஸ்டார்ட் பண்ண வண்டின்னு நெனச்சு பெட்ரோல அதிகமா ஊத்தும். ‘எங்க அண்ணன் 20 வருஷமா தெர்மோஸ்டாட் இல்லாமத்தான் ஓட்டறார்’னு யாராவது கமெண்ட் போடுவீங்க, போடுங்க, அண்ணனுக்கு பெட்ரோல் காசு யார் தர்றாங்கன்னும் சேத்து போடுங்க.

தண்ணி மட்டும் குறையறது நிக்கல. நானும் வாரா வாரம் எங்க அபார்ட்மென்ட் குழாய்ல இருந்து புடிச்சு ஊத்தினேன். எங்களது போர் தண்ணி, பாத்ரூம் குழாய் மேல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும், ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சிருக்கும், அதே தண்ணிய இன்ஜின்குள்ள ஊத்தறோமேன்னு ஒரு நாளும் தோணல.

இதுக்கு நடுவுல பார்க்கிங்ல தரையில லேசா பச்சைக் கறை விழ ஆரம்பிச்சுது. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல செகரட்டரி அதை போட்டோ எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, என் ஃப்ளாட் நம்பரோட அனுப்பினார், 48 குடும்பம் பாக்கற குரூப். இதே மனுஷன் மோட்டார ஆஃப் பண்ண மறந்து ஓவர்ஹெட் டேங்க் காலைல அரை மணி நேரம் வழியும், அதுக்கு வட்டமும் இல்ல போட்டோவும் இல்ல. சரி விடுங்க. ஒண்ணு மட்டும் அவர் சொல்லாதத நான் சொல்றேன், அந்தக் கறையால தரை அசிங்கமாறத விட பூனை, நாய்க்குத்தான் ஆபத்து, இனிப்பா இருக்குன்னு நக்கும், அது விஷம். லீக் இருந்தா கீழ ட்ரே வைங்க, சிந்தினா கழுவி விடுங்க.

அப்புறம் கொஞ்சம் பெரிய கராஜ். பானெட்ட தூக்கி ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "ஹெட் கேஸ்கெட், ஹெட் இறக்கி லேத்ல ஃபேஸிங் பண்ணணும், 38 ஆகும்." அதாவது ஹெட்ட கழட்டி அதோட அடிப்பக்கத்த தட்டையா சீவணும், 38 ஆயிரம். எந்த டெஸ்டும் இல்ல. நான் யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன். ஆபீஸ்ல ஒருத்தர் புதுப்பேட்டை பக்கம் சந்துல ஒரு ரேடியேட்டர் கடை பெரியவர் இருக்கார், அவர்கிட்ட ஒரு தடவை காட்டுங்கன்னார்.

பெரியவர் முதல்ல வண்டி ஆறட்டும்னு ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சார். அப்புறம் மூடிய கழட்டி, அடியில இருக்கற ரப்பர கட்டை விரலால அழுத்தி என்கிட்ட காட்டினார். பழைய ஹவாய் செருப்பு அடிப்பக்கம் மாதிரி கெட்டியா, குறுக்க விரிசல் விட்டு இருந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா ரேடியேட்டர் பாதி காலி, ஆனா பக்கத்துல வெள்ளை டப்பா நிறைஞ்சு இருக்கு. வாரா வாரம் நான் ஊத்தினது டப்பால. சூடாகும்போது தண்ணி விரிஞ்சு டப்பாவுக்கு வரும், ஆறும்போது மூடில இருக்கற குட்டி வால்வு வழியா திரும்ப இழுத்துக்கும், மூடி செத்துட்டா போனது போனதுதான். டப்பாவ மட்டும் பாத்து தண்ணி இருக்குன்னு நினைக்கற எல்லாரும் இந்த இடத்த ரெண்டு தடவை படிங்க. சில வண்டில ரேடியேட்டர்ல மூடியே இருக்காது, டப்பாதான் பிரஷர் டப்பா, அதுல இந்த கதை வேற மாதிரி.

அப்புறம் மூடி இடத்துல ஒரு பம்ப மாட்டினார், சைக்கிள் பம்ப் மாதிரி கைப்பிடி, மேல ஒரு மீட்டர். 15 பிஎஸ்ஐ அழுத்தம் ஏத்திட்டு டீ சொன்னார். டீ வர்றதுக்குள்ள முள் 9க்கு வந்துடுச்சு. "இப்ப தேடலாம் வா"ன்னு டார்ச் அடிச்சார். ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினியமும் சேர்ற மடிப்புல ஒரு முத்து மாதிரி துளி நிக்குது. கூலன்ட்ட இன்ஜின்ல சுத்த விடற வாட்டர் பம்ப் அடியில குட்டி ஓட்டை ஒண்ணு, அது வேணும்னே வெச்சது, உள்ள சீல் போனா அந்த வழியாத்தான் கசியும், அதை சுத்தி பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்துக் கெடந்துச்சு. தரையில ஏன் சொட்டலன்னு கேட்டீங்களே, இதான். ஓடும்போது கொஞ்சமா கசியறது சூடான இன்ஜின் மேல விழுந்து அங்கயே ஆவியாயிடும். எனக்கும் ரெண்டு மாசம் தரை சுத்தமாத்தான் இருந்துச்சு, கறை விழுந்தது லீக் பெருசான அப்புறம்.

ஹெட் கேஸ்கெட்டான்னு கேட்டேன். ஆயில் ஊத்தற மூடிய கழட்டி அடிப்பக்கம் விரல்ல தடவி காட்டினார், கருப்பு ஆயில்தான். கேஸ்கெட் போய் தண்ணி கலந்திருந்தா பால் டீ கலர்ல வழவழன்னு இருக்கும். தண்ணி நிரப்பி, மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் வாய்ல விடாம குமிழ் வருதான்னு பாத்தார், வரல. சைலன்சர்ல சூடான அப்புறமும் வெள்ளைப் புகை இல்ல. "இன்னாத்துக்கு சார் ஹெட்ட இறக்கற?" அவ்வளவுதான் சொன்னார்.

புது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட், லேபர் எல்லாம் சேத்து 9,400. ஃபேன் வயர பழையபடி மாத்தி கொடுத்தார். உங்க வண்டில வாட்டர் பம்ப் இன்ஜினோட டைமிங் பெல்ட்ல ஓடுதுன்னா பெல்ட்டையும் சேத்து மாத்திடுங்க, ரெண்டு தடவை கழட்டற கூலி மிச்சம். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, இல்லன்னா ரெடி மிக்ஸ், பச்சை சிவப்புன்னு கலர பாத்து வாங்காம மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அத வாங்குங்க, ரெண்டு வகைய கலக்காதீங்க.

உங்களுக்கு டிராஃபிக்ல மட்டும் ஹீட் ஆகுது, ஓடும்போது இல்லன்னா ஃபேனையும் பாருங்க. நிக்கும்போது ஃபேன் மட்டும்தான் காத்து. ஏசி போட்டா ஃபேன் சுத்துதா, ரேடியேட்டர் முன்னாடி இருக்கற ஏசி கண்டென்சர்ல மெட்ரோ புழுதி அப்பியிருக்கா, இதெல்லாம் பாக்க செலவே இல்ல. உங்க மெக்கானிக் பொய் சொல்றார்னு நான் சொல்லல, ஏற்கனவே ரெண்டு மூணு தடவை சிவப்புக்குப் போயிருந்தா நிஜமாவே கேஸ்கெட் போயிருக்கலாம். அப்படி இருந்து, 15 வருஷம் முடிஞ்சா ஆர்சி ரினியூவலுக்கே 5,000 ஃபீஸ்னு 2022 ஏப்ரல்ல ஏத்திட்டாங்க, அதுக்கு மேல எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானதுன்னு தர்ற சான்று) செலவுன்னு கணக்கு போட்டு விக்கறீங்கன்னா அது நியாயம். டெஸ்ட் பண்ணாம விக்கறதுதான் எனக்கு வயிறு எரியுது.

பெரியவர் கடை அட்ரஸ் கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, போன வருஷம் போனப்ப அங்க மொபைல் கவர் விக்கறாங்க. எந்த கடைக்குப் போனாலும் முதல்ல பிரஷர் பம்ப் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா வண்டிய அங்க விடாம அடுத்த கடைக்குப் போயிடுங்க.